8 ஜிபி ரேமில் 40 ஜிபி தரவு: நினைவகத்தில் அடங்காததை நிரலில் கையாள்வது எப்படி?

நிரல் எழுதப் பழகுகிற எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். சின்னக் கோப்பில் அழகாக ஓடிய நிரலிடம் ஒரு பெரிய கோப்பைக் கொடுப்போம். முதல் சில நிமிடங்கள் எதுவும் தெரியாது. அப்புறம் மவுஸ் திக்கித் திக்கி நகரும், மடிக்கணினியின் விசிறி இரையும், வேறு எந்த ஜன்னலைத் தொட்டாலும் திறக்காது. லினக்ஸாக இருந்தால் கடைசியில் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல் திரையில் வந்து நிற்கும். எந்த வரியில் பிழை என்று பைத்தான் மொழி சொல்லாது. நிரலின் தர்க்கத்தில் பிழையே இல்லை. மெமரி தீர்ந்துவிட்டதால் இயங்குதளமே அதை நிறுத்திவிட்டது.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இணையத்திலிருந்து திரட்டிய தமிழ் உரை 40 ஜிபி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளோ, செல்போன் விசைப்பலகைக்கான சொல் பரிந்துரையோ செய்ய நினைக்கிற எவருக்கும் முதலில் வேண்டியது இந்தச் சொற்பட்டியல்தான்.

புதிதாக எழுதுகிறவர் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மெமரிக்குள் இழுத்துவிடுவார். அது எப்படியும் நடக்காது. சரி, ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம்: ஒரு வரியை எடு, சொற்களாகப் பிரி, டிக்‌ஷனரியில் (ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அதன் எண்ணிக்கையை வைத்திருக்கும் பட்டியல்) எண்ணிக்கையைக் கூட்டு, வரியை மறந்துவிடு, அடுத்த வரிக்குப் போ. பைத்தானில் கோப்பைத் திறந்து ஃபார் லூப்பில் விட்டாலே இப்படித்தான் படிக்கும். எந்த நேரத்திலும் மெமரியில் இருப்பது ஒரு வரியும், படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் சிறு பஃபரும்தான். கோப்பு 40 ஜிபியா 400 ஜிபியா என்ற கவலையே இல்லை. மொத்த வரிகள், சராசரி நீளம், மிக நீளமான வரி போன்ற கேள்விகள் இதோடு முடிந்துவிடும்.

நம் கேள்வி முடியாது. வரிகளை மறக்கிறோம், ஆனால் டிக்‌ஷனரியை மறக்க முடியாதே. அது வளர்ந்துகொண்டே போகிறது.

தமிழில் இந்த வளர்ச்சி இன்னும் வேகம். வந்தான், வந்தானா, வந்தானாம், வந்தவன், வந்தவனுக்கு, வந்தவனுக்கும், வந்தவனுக்கும்தான்; நிரலின் கண்ணுக்கு இவை ஏழு தனித்தனிச் சொற்கள். இதோடு எழுத்துப்பிழைகள், சேர்த்தெழுதியவை, பெயர்கள் எல்லாம் சேரும். எவ்வளவு படித்தாலும் புதுச் சொல் வருவது நிற்பதில்லை. 40 ஜிபியில் 5 கோடி வெவ்வேறு சொற்கள் தேறும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

'அம்மா' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் அது அ, ம, புள்ளி, ம, ஆகாரத்தின் துணைக்கால் என்று ஐந்து குறிகள். கோப்பில் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. அதே சொல் பைத்தானுக்குள் வந்ததும், பதிப்பைப் பொறுத்து, 68-லிருந்து 84 பைட் பிடிக்கிறது. எழுத்துகளுக்கு 10 பைட்தான்; மிச்சமெல்லாம் இது எந்த வகைப் பொருள், எவ்வளவு நீளம், எத்தனை இடத்தில் பயன்படுகிறது என்று பைத்தான் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. எண்ணிக்கைக்கு இன்னொரு 28 பைட். டிக்‌ஷனரியில் அது உட்காரும் இடம் தனி. டிக்‌ஷனரி எப்போதும் கொஞ்சம் காலி இடத்தையும் வைத்துக்கொள்ளும். ஒரு சொல்லுக்குத் தோராயமாக 180 பைட் என்றால், 5 கோடிக்கு 9 ஜிபி. 8 ஜிபி ரேமில், இயங்குதளமும் பிரவுசரும் எடுத்தது போக மிச்சத்தில், இது எங்கே அடங்கும்?

கோப்பின் அளவை மட்டும் பார்த்து 'மெமரிக்குள் அடங்கும்' என்று நினைப்பது இதனால்தான் ஏமாற்றிவிடுகிறது. ஒரு கோடி எண்களைப் பைத்தான் லிஸ்டில் வைத்தால் சுமார் 360 எம்பி. அதே எண்களை, எண்களை ஒடுக்கமாக அடுக்கி வைக்கும் நம்பை தொகுப்பின் அரேயில் 4 பைட் முழு எண்ணாக வைத்தால் 40 எம்பி. பெரிய ஏற்பாடு எதற்கும் இறங்குவதற்கு முன்னால், தரவை இன்னும் ஒடுக்கமாக வைக்க முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். பல சமயம் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். 16 ஜிபி ரேம் போட்டால் தீரும் என்றால் அதையும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் தரவு அடுத்த வருடம் இரட்டிப்பாகும் என்று தெரிந்தால் வழிமுறையை மாற்றுவதுதான் நல்லது.

பரணில் ஏற்றி வைப்பது

மெமரி நிறைந்தவுடன் இயங்குதளம் நேராகக் கொல்ல வராது. இப்போது தேவைப்படாது என்று தோன்றும் பகுதிகளை டிஸ்க்கில் இறக்கி வைக்கும். இதற்கு ஸ்வாப் என்று பெயர். சமையலறை அலமாரியில் இடம் இல்லாதபோது பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றி வைப்பது போலத்தான். வேண்டும்போது ஏணி போட்டு எடுத்துக்கொள்ளலாம். நிரலுக்கு இது எதுவுமே தெரியாது; எல்லாம் மெமரியில்தான் இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கும்.

இது புது யோசனை இல்லை. 1962-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் நினைவகம் 16,384 சொல்லிடங்கள்தான்; இன்றைய கணக்கில் 96 கேபி. அதோடு ஒரு காந்த உருளையையும் சேர்த்து, இரண்டும் ஒரே நினைவகம் என்று நிரலர் எண்ணும்படி செய்தார்கள். தரவைச் சம அளவுப் பக்கங்களாக வெட்டி, வேண்டிய பக்கத்தை மட்டும் உள்ளே கொண்டுவரும் முறை அங்கே பிறந்தது. இன்று நம் கணினிகளில் ஒரு பக்கம் பெரும்பாலும் 4 கேபி.

பரண் எப்போதாவது ஏறும் இடமாக இருக்கும்வரை நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு கரண்டிக்கும் ஏணி ஏற வேண்டியிருந்தால் அன்றைக்குச் சமையல் முடியாது. ரேமில் ஒரு இடத்தைத் தொட ஏறக்குறைய 100 நானோ வினாடி. எஸ்எஸ்டியில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பக்கத்தை எடுக்க 100 மைக்ரோ வினாடி அளவு, அதாவது ஆயிரம் மடங்கு. தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க்கில் 10 மில்லி வினாடி, லட்சம் மடங்கு. ரேமைத் தொடுவது ஒரு வினாடி என்று வைத்தால், எஸ்எஸ்டிக்கு 17 நிமிடம், ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கும் மேல்.

நம் டிக்‌ஷனரி இந்தப் பரணுக்கு மிக மோசமான விருந்தாளி. உள்ளுக்குள் அது ஒரு ஹாஷ் டேபிள்: ஒவ்வொரு சொல்லையும் ஹாஷ் என்ற ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண் காட்டும் இடத்தில் வைக்கும். ஹாஷ் டேபிளின் வேலையே அடுத்தடுத்த சொற்களைத் தொடர்பே இல்லாத இடங்களில் சிதறடிப்பதுதான். ரேமில் அது வரம். ஸ்வாப்புக்குப் போனதும் அதுவே சாபம்: ஒரு சொல்லுக்காக 4 கேபி பக்கம் உள்ளே வரும், அதற்கு இடம் விட இன்னொரு பக்கம் வெளியே போகும், வெளியே போனதுதான் அடுத்த சொல்லுக்குத் தேவைப்படும். கணினி வேலை செய்வதை விட்டுவிட்டுப் பக்கங்களைத் தூக்கிச் சுமப்பதையே வேலையாக வைத்துக்கொள்ளும் இந்த நிலைக்கு த்ராஷிங் என்று பெயர். மவுஸ் திக்கியதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஒரு கணக்கு. தமிழ்ச் சொல்லுக்கு இடைவெளியோடு சேர்த்து 25 பைட் என்றால் 40 ஜிபியில் 160 கோடிச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்டியில் ஒருமுறை துழாவினால் 44 மணி நேரம். ஹார்டு டிஸ்க்கில் ஆறு மாதம். 'ஒரு', 'என்று' போல அடிக்கடி வரும் சொற்கள் ரேமிலேயே தங்கிவிடும் என்பதால் நடைமுறையில் இந்த அளவுக்குப் போகாது. ஆனால் அதே 40 ஜிபியை முதலிலிருந்து கடைசிவரை நேராகப் படித்தால், வினாடிக்கு 500 எம்பி தரும் சாதாரண எஸ்எஸ்டியில், 80 வினாடி. ஹார்டு டிஸ்க்கிலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

80 வினாடிக்கும் 44 மணி நேரத்துக்கும் நடுவே தரவின் அளவு மாறவில்லை. தொடும் வரிசைதான் மாறியது. டிஸ்க் நேராக ஓடப் பிறந்தது. குதிக்கச் சொன்னால் திணறும். ஆகவே நாம் செய்ய வேண்டியது, குதிக்கிற வேலை எல்லாம் ரேமுக்குள் நடக்கும்படியும் டிஸ்க்கில் எப்போதும் நேராகவே படித்து எழுதும்படியும் வேலையைப் பிரிப்பது. மெமரியை மிஞ்சிய தரவுக்கான நல்ல வழிமுறைகளை எனக்கு இந்த ஒரு கோணத்தில் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

மொய் நோட்டு வழி

பெரிய கல்யாணத்தில் இரண்டு மேசை போட்டு மொய் எழுதுகிறார்கள். இரண்டு நோட்டிலும் ஊர்கள் கலந்து கிடக்கின்றன. எந்த ஊரிலிருந்து எத்தனை மொய் வந்தது என்று இரவு கணக்குப் பார்க்க வேண்டும். முதலில் ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாக ஊர் அகர வரிசையில், எண்ணிக்கையோடு, திருப்பி எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம் இருவர் ஆளுக்கொரு நோட்டோடு உட்கார, மூன்றாமவர் புது நோட்டைத் திறக்கிறார். ஒருவர் "அரியக்குடி, 12" என்கிறார். மற்றவர் கையில் முதலில் இருப்பது அவிநாசி. அரியக்குடிதான் முன்னால், அதை எழுதியாயிற்று. முதலாமவரின் அடுத்த வரி ஆத்தூர். அவிநாசி முந்துகிறது, எழுதியாயிற்று. இப்போது இரண்டாமவருக்கும் ஆத்தூர். 7-ஐயும் 9-ஐயும் கூட்டி 16 என்று எழுதுகிறார்கள். யாரும் எந்தப் பக்கத்தையும் திருப்பிப் பார்க்கவே இல்லை, கவனித்தீர்களா? ஆளுக்கு ஒரு வரிதான் மனதில் இருக்கிறது. நோட்டு பத்துப் பக்கமோ பத்தாயிரம் பக்கமோ, அந்த ஒரு வரி போதும்.

இதற்குப் பெயர் எக்ஸ்டர்னல் மெர்ஜ் சார்ட். மெர்ஜ் சார்ட்டை ஜான் வான் நியூமன் 1945-இல் எழுதினார். தரவைக் காந்த நாடாவில் வைத்திருந்த காலத்தில் இது இல்லாமல் வேலையே நடக்காது. நாடாவை நேராகத்தானே ஓட்ட முடியும்?

நம் நிரலில் அதை இப்படிச் செய்வோம். வரி வரியாகப் படித்து டிக்‌ஷனரியில் எண்ணுவது முன்பு போலவே. ஆனால் டிக்‌ஷனரியில் ஒரு கோடிச் சொற்கள் சேர்ந்ததும், அதாவது 2 ஜிபியை நெருங்கியதும், நிறுத்திவிட்டு, சொற்களை வரிசைப்படுத்தி, எண்ணிக்கையோடு ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டு, டிக்‌ஷனரியைக் காலி செய்கிறோம். மறுபடி எண்ணத் தொடங்குகிறோம். உரை முடியும்போது 30 தற்காலிகக் கோப்புகள் இருக்கலாம். எல்லாம் வரிசைப்படுத்திய மொய் நோட்டுகள். பிறகு முப்பதையும் ஒரே நேரத்தில் திறந்து, ஒவ்வொன்றின் முதல் வரியையும், வரிசையில் முந்தியதை எப்போதும் உச்சியில் வைத்திருக்கும் ஹீப் என்ற அமைப்பில் போட்டு, அந்த முந்தியதை எடுத்து எழுதி, அது வந்த கோப்பின் அடுத்த வரியைப் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். பைத்தானின் ஹீப்க்யூ தொகுப்பில் மெர்ஜ் என்று ஒரு ஃபங்ஷன் இதைச் செய்யத் தயாராக இருக்கிறது. அடுத்தடுத்து ஒரே சொல் வந்தால் கூட்டிக்கொள்வது மட்டும் நம் பொறுப்பு.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முப்பது கோப்புகளிலிருந்து மாறி மாறி ஒவ்வொரு வரியாக எடுத்தால் டிஸ்க் மறுபடியும் குதிக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் 16 எம்பி பஃபர் கொடுத்துவிட்டால், ஒரு குதிப்புக்கு 16 எம்பி நேராக வாசிக்கும். முப்பதுக்கும் சேர்த்து 480 எம்பிதான் செலவு.

இரண்டாவது, வரிசை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நம் அகர வரிசை அல்ல. ன, ந-வுக்கு அடுத்தே வந்துவிடும், ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் நிற்கும். இணைக்கும் வேலைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, எல்லாக் கோப்புகளும் ஒரே வரிசையில் இருந்தால் போதும். ஆனால் பாதியைப் பைத்தானிலும் மீதியை லினக்ஸின் சார்ட் கட்டளையிலும் வரிசைப்படுத்தினால் வம்பு. சார்ட் கட்டளை உங்கள் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து வேறு வரிசை போடலாம். அப்போது பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு எண்ணிக்கையோடு நிற்கும், அவ்வளவுதான். சத்தமில்லாமல் தவறான விடை தரும் நிரலைவிட நின்றுபோகும் நிரல் எவ்வளவோ மேல்.

சொல்லப்போனால் அந்தச் சார்ட் கட்டளையே ரேமைவிடப் பெரிய கோப்பைக் கொடுத்தால் உள்ளுக்குள் இதே மொய் நோட்டு வேலையைத்தான் செய்கிறது, தற்காலிகக் கோப்புகளோடு.

எழுதும்போதே பிரிப்பது

இன்னொரு வழி. மொய் எழுதும்போதே இந்த ஊர்க்காரர்கள் இந்த மேசை என்று பிரித்துவிட்டால், பிறகு இணைக்கவே வேண்டாம். அதே போல, முதல் சுற்றில் எண்ணாமல், ஒவ்வொரு சொல்லையும் 30 கோப்புகளில் ஏதோ ஒன்றில் போட்டுக்கொண்டே போகலாம். விதி ஒன்றுதான்: ஒரே சொல் எப்போதும் ஒரே கோப்புக்குத்தான் போக வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கோப்பாக எடுத்து எண்ணினால், அதன் டிக்‌ஷனரி முழுதின் முப்பதில் ஒரு பங்கு, ரேமில் இலகுவாக அடங்கும்.

முதல் எழுத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். க, ப, வ வரிசைகள் பிதுங்கி வழியும், ஔ வரிசை காற்று வாங்கும். அதனால் சொல்லின் ஹாஷ் எண்ணை 30-ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பார்கள். இங்கே ஒரு பொறி: பைத்தானின் உள்ளமைந்த ஹாஷ், பாதுகாப்புக் காரணத்துக்காக, நிரல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சொற்களுக்கு வேறு எண் தரும். பாதியில் நின்ற நிரலை மறுபடி ஓடவிட்டுத் தொடர்ந்தால் 'அம்மா' நேற்று 4-ஆம் கோப்பிலும் இன்று 19-ஆம் கோப்பிலும் போய் விழுவாள். சிஆர்சி-32 போல, ஒரே சொல்லுக்கு என்றும் ஒரே எண் தரும் முறை ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

தேடவும் வேண்டும், திருத்தவும் வேண்டும் என்றால்

மேலே சொன்ன இரண்டும் ஒருமுறை ஓடி முடியும் வேலைக்கு. பட்டியலைச் செய்தபின், எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் அதில் ஏதோ ஒரு சொல்லை அடிக்கடி தேட வேண்டுமென்றால்? அங்கே குதிப்பதைத் தவிர்க்க முடியாது. குதிப்பின் எண்ணிக்கையைத்தான் குறைக்க முடியும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இரண்டு கிளை பிரியும் சாதாரண இருகிளை மரத்தில் 5 கோடிச் சொற்களை வைத்தால் உயரம் 26. டிஸ்க்கில் ஒரு தேடலுக்கு 26 குதிப்பு. போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970-இல் வேறு மாதிரி யோசித்தார்கள். எப்படியும் ஒரு குதிப்புக்கு ஒரு முழுப் பக்கம் வருகிறது. அதில் ஒரே ஒரு சொல்லை வைப்பானேன்? பக்கம் கொள்ளும் அளவு வைத்துவிடலாமே. அதுதான் பி-ட்ரீ. 4 கேபி பக்கத்தில் 100 சொல் என்றால், அடிமட்டத்தில் 5 லட்சம் பக்கங்கள், அதற்கு மேலே 5,000, அதற்கும் மேலே 50, உச்சியில் ஒன்று. நான்கே அடுக்கு. அடிமட்டத்தைத் தவிர மற்ற மூன்று அடுக்கும் சேர்ந்து சுமார் 20 எம்பிதான், அது ரேமிலேயே உட்கார்ந்துவிடும். ஆக, 5 கோடிச் சொற்களில் எதைக் கேட்டாலும் டிஸ்க்கை ஒருமுறை தொட்டால் போதும். இந்தக் கணக்கை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது; நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இதை நாமே எழுத வேண்டியதில்லை. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் ஒரு கோப்புக்குள் இருக்கும் பி-ட்ரீக்களின் தொகுப்புதான், பைத்தானோடு கூடவே வருகிறது. சொற்களைக் கலைந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போட்டால் அது படாதபாடு படும். மெர்ஜ் செய்து வரிசையாக வந்த பட்டியலை, ஆயிரக்கணக்கில் ஒரே டிரான்ஸாக்‌ஷனாகக் கட்டி, ஒரே தடவையில் பதியும்படி போட்டால் மளமளவென்று ஏறிவிடும். மறுபடி அதே கதைதான், வரிசை.

எம்மேப் என்று ஒரு வசதியும் உண்டு. கோப்பையே மெமரி போலக் காட்டும். தொட்ட பக்கத்தை மட்டும் இயங்குதளம் உள்ளே இழுக்கும். பெரிய எண் அரேக்களுக்கு, நேராக நடக்கும் வரை, மிக வசதி. மாயம் என்று நினைத்துக் கண்டபடி குதித்தால் பரண் கதையாகிவிடும்.

சில சமயம் துல்லியமே தேவைப்படாது. 'மொத்தம் எத்தனை வெவ்வேறு சொற்கள்' என்பது மட்டும் தோராயமாகப் போதுமென்றால் ஹைப்பர்லாக்லாக் என்ற முறை இருக்கிறது. ரெடிஸ் மென்பொருளில் அது எடுப்பது 12 கேபி. விடையின் பிசகு பொதுவாக ஒரு சதவீதத்துக்குள். 9 ஜிபி எங்கே, 12 கேபி எங்கே. எந்தச் சொல் எத்தனை முறை என்று அது சொல்லாது, ஆகவே கேள்வியைத் தெளிவாக்கிக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

நம் வேலைக்கு நான் மொய் நோட்டு வழியையே எடுப்பேன். பாதியில் மின்சாரம் போனாலும், எந்த வரிவரை எண்ணினோம் என்று ஒவ்வொரு தற்காலிகக் கோப்பையும் முடிக்கும்போது குறித்து வைத்திருந்தால், அங்கிருந்தே தொடரலாம். 40 ஜிபியை நேராகக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 5 எம்பி உரையை எடுத்து, ஒரு கோடி என்ற வரம்பை ஆயிரம் சொற்களாகக் குறைத்து ஓடவிடுங்கள். நூற்றுக்கணக்கில் குட்டிக் கோப்புகள் உருவாகி இணையும். அதே உரையைச் சாதாரண டிக்‌ஷனரியிலும் எண்ணி, இரண்டு விடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சொல்லும் ஒரு எண்ணும் பிசகாமல் ஒத்துப்போனால், வரம்பை மறுபடி ஒரு கோடிக்கு ஏற்றி, பெரிய கோப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.